கரியமில வாயுக் குறைப்பும் கிராம நிலமும்
பரந்த நிலப்பரப்புத் திட்டங்களில் மானியத்தின் இடம்

யந்திரத் தொழில்கள் பெருகுவதற்கு முன்னர், காற்றில் பத்து லட்சம் பங்குக்கு ஏறத்தாழ 280 பங்கு கரியமில வாயு இருந்தது. இன்று அது 420 பங்கைக் கடந்து நிற்கிறது. நிலக்கரியும் எண்ணெயும் எரிக்கப்படுவதே இப்பெருக்கத்தின் முதற் காரணம். ஆயினும் காடு அழிதல், புல்வெளி தேய்தல், மண்வளம் கெடுதல் ஆகியவற்றின் பங்கும் சிறியதன்று. உலக மண்ணின் மேற்புறத்து ஒரு மீட்டர் ஆழத்தில் மட்டும் சுமார் 1,50,000 கோடி டன் கார்பன் அடங்கியிருப்பதாக விஞ்ஞானிகள் கணக்கிட்டுள்ளனர். காற்று மண்டலம் முழுவதிலும் உள்ள கார்பனைவிட இது அதிகம். ஆகவே நிலத்தை எவ்வாறு பயன்படுத்துகிறோம் என்பது வேளாண்மையைப் பற்றிய கேள்வி மட்டுமன்று. காற்றைப் பற்றிய கேள்வியுமாகும்.

இவ்வுண்மையின் அடிப்படையிலேயே, கிராமப்புற நிலங்களில் கரியமில வாயுவைக் குறைக்கும் திட்டங்கள் பல நாடுகளில் தோன்றியுள்ளன. அவற்றிற்கு அரசாங்கங்கள் மானியமும் அளிக்கின்றன. அம்மானியம் எதற்காகத் தேவைப்படுகிறது, எங்கே அது பயன் தருகிறது, எங்கே வீணாகிறது என்பனவே இக்கட்டுரையில் ஆராயப்படுகின்றன. இத்துறையில் நீண்ட அனுபவம் உடைய ஆஸ்திரேலியா முக்கிய எடுத்துக்காட்டாகக் கொள்ளப்படுகிறது.

ஒரு டன் என்பது என்ன?

கார்பன் திட்டங்களில் விற்கப்படும் சரக்கு, கண்ணால் காணக்கூடிய பொருள் அன்று. காற்றில் சேராமல் தடுக்கப்பட்ட, அல்லது காற்றிலிருந்து எடுத்துச் சேமிக்கப்பட்ட, ஒரு டன் கரியமில வாயுவே அச்சரக்கின் அலகு. ஆகவே முதலில் கணக்கை அறிந்துகொள்ளுதல் அவசியம்.

பன்னிரண்டு பங்கு எடையுள்ள கார்பன், ஆக்ஸிஜனோடு கூடி நாற்பத்து நான்கு பங்கு எடையுள்ள கரியமில வாயுவாகிறது. அதாவது ஒரு டன் கார்பன், ஏறத்தாழ 3.67 டன் கரியமில வாயுவுக்குச் சமம். நன்கு உலர்ந்த மரத்தின் எடையில் ஏறக்குறையப் பாதி கார்பனாகும். எனவே உலர்ந்த நிலையில் ஒரு டன் எடையுள்ள மரம், சுமார் 1.8 டன் கரியமில வாயுவைத் தன்னுள் அடக்கி வைத்திருக்கிறது எனலாம். அம்மரம் எரிந்தாலோ மக்கினாலோ அவ்வாயு மீண்டும் காற்றைச் சேரும்.

கரியமில வாயு மட்டுமே வெப்பத்தைத் தேக்குவதில்லை. நூறு ஆண்டுக் காலத்தைக் கணக்கில் கொண்டால், ஒரு டன் மீதேன் வாயு ஏறத்தாழ 28 டன் கரியமில வாயுவுக்கும், ஒரு டன் நைட்ரஸ் ஆக்ஸைடு ஏறத்தாழ 265 டன் கரியமில வாயுவுக்கும் சமமான வெப்பத்தைத் தேக்குகின்றன. கால்நடைகள், நெல் வயல்கள், உரம், காட்டுத் தீ ஆகியவற்றிலிருந்து வெளிப்படும் வாயுக்கள் இக்கணக்கின்படியே கரியமில வாயுவுக்குச் சமமான டன்களாக மாற்றப்படுகின்றன.

இவற்றைக் கொண்டு நிலத் திட்டங்களை இரு வகையாகப் பிரிக்கலாம். மரம் வளர்த்தல், மண்ணில் உயிர்ச்சத்தைப் பெருக்குதல் போன்றவை காற்றிலுள்ள கார்பனை எடுத்துச் சேமிப்பவை. காடு அழியாமல் காத்தல், தீயைக் கட்டுப்படுத்துதல், சாணத்திலிருந்து எழும் மீதேனைப் பிடித்தல் போன்றவை வாயு வெளிப்படுவதையே தடுப்பவை. முன்னையது வங்கியில் பணம் சேமிப்பது போன்றது. என்றேனும் திரும்ப எடுக்கப்படும் அபாயம் அதில் உண்டு. பின்னையது செலவைக் குறைப்பது போன்றது. ஓராண்டில் தடுக்கப்பட்டது தடுக்கப்பட்டதே.

ஆர்ன்ஹெம் நிலத்துத் தீ

ஆஸ்திரேலியாவின் வடகோடியில் ஆர்ன்ஹெம் நிலம் எனப்படும் பரந்த மணற்கல் பீடபூமியும் அதைச் சூழ்ந்த புல்வெளிக் காடுகளும் உள்ளன. பல்லாயிரம் ஆண்டுகளாக அங்கு வாழ்ந்துவந்த பூர்வகுடி மக்கள், மழைக்காலம் முடிந்து புல் அரைகுறையாக உலரத் தொடங்கும்போதே ஆங்காங்கே சிறு சிறு தீ மூட்டுவதை வழக்கமாகக் கொண்டிருந்தனர். ஈரம் நிறைந்த புல்லில் மூட்டப்படும் அத்தீ தாழ்ந்து எரியும். இரவில் பனி விழுந்ததும் தானே அவியும். எரிந்த இடமும் எரியாத இடமும் கட்டம் கட்டமாக அமையும். பின்னர் வறட்சி முற்றிய காலத்தில் பெருந்தீ எழுந்தாலும், எரிந்துபோன கட்டங்களை அது தாண்டிச் செல்ல இயலாது.

இருபதாம் நூற்றாண்டின் இடைப்பகுதியில் அம்மக்கள் பீடபூமியை விட்டுச் சமயச் சங்கங்களின் குடியிருப்புகளுக்கும் நகரங்களுக்கும் சென்றனர். நிலம் ஆளற்றுப் போயிற்று. முற்பருவத்தில் தீ மூட்டுவார் இல்லை. ஆகவே ஆண்டின் பிற்பகுதியில், புல் முற்றிலும் உலர்ந்து காற்று பலமாக வீசும் காலத்தில் எழுந்த தீ, பல நூறு சதுர கிலோமீட்டர்களை ஒருசேர எரித்தது. தீயைத் தாங்க இயலாத சைப்ரஸ் பைன் மரங்களும், பாறை இடுக்குகளில் வாழ்ந்த சிறு விலங்குகளும் குறைந்தன.

இந்நிலத்தை மீண்டும் மக்கள் பேணவேண்டும் என முயன்ற முதியோர்களுள், பாறை ஓவிய மரபில் தேர்ந்த பர்தயால் நட்ஜமெரெக் முக்கியமானவர். 2002-ஆம் ஆண்டில் பீடபூமியின்மேல் கபுல்வார்னம்யோ என்னும் இடத்தில் ஒரு குடியிருப்பு ஏற்பட அவர் காரணமாக இருந்தார். அதே காலத்தில் ஜெரமி ரஸ்ஸல்-ஸ்மித் முதலிய விஞ்ஞானிகள், செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு எந்த மாதத்தில் எவ்வளவு நிலம் எரிகிறது என்பதை வரைந்தனர். ஒவ்வொரு வகைக் காட்டிலும் ஒரு ஹெக்டேருக்கு எவ்வளவு புல்லும் சருகும் சுள்ளியும் உள்ளன என்பதை நேரில் அளந்தனர்.

அவ்வாராய்ச்சி ஓர் எளிய உண்மையைக் காட்டிற்று. முற்பருவத் தீ எரிபொருளில் ஒரு பகுதியை மட்டுமே எரிக்கிறது. பிற்பருவத் தீயோ பெரும்பகுதியையும் எரித்துவிடுகிறது. ஆகவே தீயின் காலத்தை மாற்றினால், வெளிப்படும் மீதேனும் நைட்ரஸ் ஆக்ஸைடும் குறையும். கரியமில வாயு இக்கணக்கில் சேர்க்கப்படுவதில்லை. ஏனெனில் எரிந்த புல் அடுத்த மழையில் மீண்டும் வளர்ந்து அதே அளவு வாயுவை எடுத்துக்கொள்கிறது.

2006-ஆம் ஆண்டில் மேற்கு ஆர்ன்ஹெம் நிலத் தீக்குறைப்புத் திட்டம் முறையாகத் தொடங்கியது. டார்வின் நகரில் அமைந்த திரவ இயற்கை வாயு ஆலை, வடக்குப் பிரதேச அரசாங்கம், வடக்கு நில மன்றம், நிலத்துக்கு உரிய பூர்வகுடி மக்கள் ஆகியோர் இதில் பங்கு கொண்டனர். ஆலையிலிருந்து வெளிப்படும் வாயுவில் ஒரு பகுதியை ஈடுசெய்யும் பொருட்டு, ஆண்டுக்குச் சுமார் 10 லட்சம் ஆஸ்திரேலிய டாலர் வீதம் 17 ஆண்டுகளுக்கு நிதி வழங்க ஒப்பந்தம் ஏற்பட்டது. திட்டத்தின் பரப்பு 28,000 சதுர கிலோமீட்டர். ஆண்டுக்கு 1,00,000 டன் குறைப்பு என்பது இலக்கு. முதல் ஏழு ஆண்டுகளில், திட்டத்துக்கு முந்திய பத்தாண்டுச் சராசரியோடு ஒப்பிடும்போது, வாயு வெளியீடு மூன்றிலொரு பங்குக்கும் அதிகமாகக் குறைந்தது.

பரந்த பரப்பு ஏன்?

மேற்கண்ட இரு எண்களை வகுத்துப் பார்ப்பின் ஒரு பாடம் விளங்கும். இருபத்தெட்டு லட்சம் ஹெக்டேரில் ஒரு லட்சம் டன் என்றால், ஒரு ஹெக்டேருக்கு ஆண்டுக்குக் கிடைப்பது ஏறத்தாழ 36 கிலோ கிராம் மட்டுமே. நூறு ஹெக்டேர் நிலம் உடைய ஒருவர் தனியே இதில் இறங்கினால், ஆண்டுக்கு நான்கு டன்னுக்கும் குறைவாகவே பெறுவார். அதை அளந்து சரிபார்க்கும் செலவுக்குக்கூட அவ்வருவாய் போதாது. மேலும் தீ வேலியை மதிப்பதில்லை. அண்டை நிலத்தில் எழும் பெருந்தீ அவருடைய ஓராண்டு உழைப்பையும் ஒரே பிற்பகலில் அழித்துவிடும்.

நீருக்கும் இது பொருந்தும், மேய்ச்சலுக்கும் பொருந்தும். மேட்டில் மண் அரித்தால் பள்ளத்தில் வண்டல் படியும். ஒரு சரிவில் மேய்ச்சலைத் தடுத்தால், ஆடுகள் அடுத்த சரிவுக்குச் செல்லும். ஆகவே ஒரு பண்ணையின் எல்லைக்குள் கணக்கு நேராக இருந்தாலும், ஊரின் எல்லைக்குள் அது பொய்யாகிவிடக்கூடும். இவ்வாறு ஓரிடத்தில் குறைந்தது மற்றோரிடத்தில் பெருகுவதைக் கசிவு என்று அழைக்கின்றனர். பல உடைமையாளர்களின் நிலத்தை ஒன்றாக இணைத்து ஒரே திட்டமாக நடத்துவதே கசிவைக் குறைக்கும் வழி. அளவெடுக்கும் செலவும் அதனால் பலருக்குப் பங்கிடப்படுகிறது.

ஆனால் பலரை இணைத்தல் எளிதன்று. அதற்குக் காலம் வேண்டும், கூட்டங்கள் வேண்டும், நில உரிமை தெளிவுபட வேண்டும், வருவாயைப் பங்கிடும் முறை முன்னரே எழுதப்பட வேண்டும். இவ்வேலைகளில் எதுவும் ஒரு டன் வாயுவைக்கூடக் குறைப்பதில்லை. எனினும் இவை இன்றி ஒரு டன்னும் குறையாது. மானியத்தின் தேவை இங்கேதான் தோன்றுகிறது.

வருவாய்க்கு முந்திய செலவு

ஆஸ்திரேலியாவில் 2011-ஆம் ஆண்டில் கார்பன் வேளாண்மைச் சட்டம் நிறைவேறியது. அதன்படி, ஏற்கப்பட்ட முறைகளைப் பின்பற்றி வாயுவைக் குறைக்கும் நில உடைமையாளர்கள், ஒவ்வொரு டன்னுக்கும் ஒரு சான்று பெறலாயினர். காட்டுத் தீ மேலாண்மைக்கான முறை 2012-ஆம் ஆண்டில் ஏற்கப்பட்டது. 2014-ஆம் ஆண்டில் மத்திய அரசாங்கம் 255 கோடி ஆஸ்திரேலிய டாலர் கொண்ட வாயுக் குறைப்பு நிதியை ஏற்படுத்தி, இச்சான்றுகளை ஏலத்தின் மூலம் தானே வாங்கத் தொடங்கிற்று. மிகக் குறைந்த விலை கூறுவோரிடமிருந்து முதலில் வாங்குவது அவ்வேலத்தின் முறை. 2015 ஏப்ரலில் நடந்த முதல் ஏலத்தில் 4.7 கோடி டன்னுக்கு மேல் ஒப்பந்தமாயிற்று. சராசரி விலை டன்னுக்கு 13.95 டாலர்.

இம்முறையில் சிறப்பும் உண்டு, குறையும் உண்டு. குறைப்பு நிகழ்ந்து, அது சரிபார்க்கப்பட்ட பின்னரே பணம் வழங்கப்படும். பொதுப் பணம் வெறும் வாக்குறுதிக்குச் செலவாவதில்லை என்பது சிறப்பு. ஆனால் முதல் சான்று கிடைக்கும் வரை ஆகும் செலவு முழுவதையும் நில உடைமையாளரே தாங்கவேண்டும் என்பது குறை. நிலத்தை வரைபடமாக்குதல், தொடக்க நிலையை அளத்தல், வேலி அமைத்தல், கன்று நடுதல், சட்ட ஆலோசனை, பதிவு, தணிக்கை ஆகிய அனைத்தும் வருவாய்க்கு முன்னரே நிகழ வேண்டியவை.

மண் கார்பனை எடுத்துக்கொண்டால் இச்சிக்கல் தெளிவாகும். மண்ணில் துளையிட்டு, குறித்த ஆழம் வரை மாதிரி எடுத்து, ஆய்வுக்கூடத்தில் சோதித்துத்தான் அதன் கார்பன் அளவை அறிய இயலும். 2020-ஆம் ஆண்டில் ஆஸ்திரேலிய அரசாங்கம் வெளியிட்ட தொழில்நுட்ப முதலீட்டு அறிக்கை, இவ்வளவெடுப்பின் செலவை 90 சதவீதம் குறைத்து, ஹெக்டேருக்கு ஆண்டுக்கு 3 டாலருக்கும் கீழே கொண்டுவர வேண்டும் என்று இலக்கு வகுத்தது. அதாவது அன்றைய செலவு ஏறத்தாழ 30 டாலர். இனி, ஒரு மேய்ச்சல் நிலத்தில் ஹெக்டேருக்கு ஆண்டுதோறும் 0.2 டன் கார்பன் மண்ணில் கூடுகிறது என்று கணக்குக்காகக் கொள்வோம். அது 0.73 டன் கரியமில வாயுவுக்குச் சமம். முதல் ஏலத்தின் சராசரி விலைப்படி அதன் மதிப்பு 10 டாலர் அளவே. பத்து டாலர் பெறுமான பொருளை நிறுத்துப் பார்க்க முப்பது டாலர் செலவு! நிலம் நன்றாக இருந்தும், உழவர் ஊக்கமுடையவராக இருந்தும், திட்டம் காகிதத்திலேயே நின்றுவிடுவதற்கு இதுவே காரணம்.

மானியத்தின் மூன்று பணிகள்

இவ்வனுபவத்திலிருந்து மானியம் செய்யக்கூடிய பணிகளை மூன்றாகப் பகுக்கலாம்.

முதலாவது, ஆயத்தப் பணி. நில உடைமையாளர்களை ஒன்றுசேர்த்தல், நிலத்தின் இயல்பை ஆராய்தல், எந்த முறை பொருந்தும் என்று முடிவு செய்தல் ஆகியவற்றுக்கான செலவு இது. இவ்வாராய்ச்சியின் முடிவில் ‘இத்திட்டம் பயனளிக்காது’ என்று தெரியவந்தாலும் மானியம் வீணானதாகக் கருதக்கூடாது. பயனற்ற திட்டத்தைத் தொடங்காமல் விடுவதும் ஒரு சேமிப்பே.

இரண்டாவது, அளவெடுக்கும் பணி. தொடக்க நிலையை அளவிடும் செலவைப் பொதுநிதி ஏற்றுக்கொண்டால், சிறு உடைமையாளரும் திட்டத்தில் சேர இயலும். ஆஸ்திரேலியாவில், அரசாங்கத்தோடு ஒப்பந்தம் பெற்ற மண் கார்பன் திட்டங்களின் மாதிரி எடுக்கும் செலவுக்கு 5,000 டாலர் வரை முன்பணம் வழங்கும் ஏற்பாடு இந்நோக்கத்துடனேயே செய்யப்பட்டது. அளவெடுக்கும் முறையையே மலிவாக்கும் ஆராய்ச்சிக்கு அளிக்கப்படும் மானியம் இன்னும் பயன் மிக்கது. ஏனெனில் ஒருமுறை கண்டறியப்பட்ட மலிவான முறை எல்லோருக்கும் உரியதாகிறது. ஆர்ன்ஹெம் நிலத்தில் தீயை அளந்த ஆராய்ச்சி இவ்வாறே வடபகுதி முழுவதற்கும் பயன்பட்டது.

மூன்றாவது, சந்தை விலை தராத நன்மைகளுக்கு ஈடு செய்யும் பணி. ஆற்றங்கரையில் பல இன உள்நாட்டு மரங்களை வளர்ப்பதும், ஒரே இன மரத்தை வரிசையாக நடுவதும் டன் கணக்கில் சமமாக இருக்கலாம். ஆனால் முன்னையது நீரைத் தெளிவாக்குகிறது. பறவைகளுக்கு இடம் தருகிறது. செலவும் அதிகம் பிடிக்கிறது. குறைந்த விலைக்கே முதலிடம் தரும் ஏலத்தில் அது தோற்றுவிடும். இக்குறையை நீக்கும் பொருட்டுக் குயின்ஸ்லாந்து மாநிலம் 50 கோடி டாலர் கொண்ட நில மீட்பு நிதியை 2017-ஆம் ஆண்டில் அறிவித்தது. மண், நீர், உயிரினம், பூர்வகுடி மக்களின் வாழ்வு ஆகியவற்றுக்கு ஏற்படும் நன்மைகளும் அந்நிதியில் மதிப்பிடப்படுகின்றன. மேற்கு ஆஸ்திரேலியா, நியூ சவுத் வேல்ஸ் ஆகிய மாநிலங்களும் தத்தம் வேளாண் நிலங்களுக்கெனத் தனித் திட்டங்களை ஏற்படுத்தின.

மெய்யான குறைப்பும் காகிதக் குறைப்பும்

மானியம் கிடைத்தது என்பதால் வாயு குறைந்துவிட்டது என்று கொள்ளலாகாது. இரு சோதனைகளில் திட்டம் தேற வேண்டும்.

திட்டம் இல்லாவிடினும் அக்குறைப்பு நிகழ்ந்திருக்குமா என்பது முதற் சோதனை. இதில் ஆஸ்திரேலியா கற்ற பாடம் கசப்பானது. நியூ சவுத் வேல்ஸ், குயின்ஸ்லாந்து ஆகிய மாநிலங்களின் வறண்ட உட்பகுதிகளில், மேய்ச்சலைக் குறைத்து இயற்கையாகவே காடு மீளச் செய்யும் திட்டங்களுக்குப் பெருமளவில் சான்றுகள் வழங்கப்பட்டிருந்தன. அங்கே மரங்கள் செழிப்பதும் வாடுவதும் பெரும்பாலும் மழையைப் பொறுத்தவை என்றும், பல இடங்களில் மரங்கள் முன்னரே இருந்தன என்றும் 2022-ஆம் ஆண்டில் ஆண்ட்ரூ மக்கின்டாஷ் முதலிய பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் வெளிப்படையாகக் கண்டித்தனர். மழை செய்ததை மனிதன் செய்ததாகக் கணக்கிட்டால், அச்சான்றை வாங்கும் ஆலை தன் புகையை ஈடுசெய்ததாக எண்ணிக்கொள்ளும். காற்றிலோ எந்த மாறுதலும் இராது.

அரசாங்கம் பேராசிரியர் இயன் சப் தலைமையில் ஒரு குழுவை நியமித்தது. 2023 ஜனவரியில் வெளியான அக்குழுவின் அறிக்கை, அமைப்பின் அடிப்படை சரியானதே என்று கூறிற்று. ஆயினும் 16 சீர்திருத்தங்களைப் பரிந்துரைத்தது. காடு அழிப்பைத் தவிர்ப்பதற்காகச் சான்று வழங்கிய முறையில் புதிய திட்டங்களை ஏற்கக்கூடாது என்றும் தெரிவித்தது. பரிந்துரைகளை அரசாங்கம் கொள்கையளவில் ஏற்றது. இயற்கை மீட்சிக்கான பழைய முறையும் 2023-ஆம் ஆண்டில் காலாவதியாயிற்று.

சேமித்த கார்பன் நிலைத்து நிற்குமா என்பது இரண்டாம் சோதனை. நிலத்தில் சேமித்த கார்பன் தீயிலும் வறட்சியிலும் கோடரியிலும் திரும்பப் போய்விடக்கூடியது. ஆகவே ஆஸ்திரேலியச் சட்டம் 25 ஆண்டு அல்லது 100 ஆண்டுக் காலம் கார்பனைக் காக்கும் கடமையை விதிக்கிறது. பொதுவாக எல்லாச் சேமிப்புத் திட்டங்களிலும் நூற்றுக்கு ஐந்து டன் இழப்புக்கு ஈடாகக் கழிக்கப்படுகிறது. 25 ஆண்டுக் கடமையைத் தேர்ந்தோருக்கு மேலும் நூற்றுக்கு இருபது கழிக்கப்படுகிறது. ஒரு தலைமுறை கையெழுத்திடும் ஒப்பந்தம் அடுத்த தலைமுறையின் நிலத்தைப் பிணிக்கிறது. மானிய விண்ணப்பத்தின் கவர்ச்சியில் இது மறக்கப்பட்டுவிடக்கூடாது.

இந்திய நிலைமை

ஆஸ்திரேலியாவில் ஒரு மேய்ச்சல் பண்ணையே பல்லாயிரம் ஹெக்டேர் பரப்புடையதாக இருப்பது உண்டு. இந்தியாவிலோ 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி ஓர் உழவரின் சராசரி நிலம் 1.08 ஹெக்டேர் மட்டுமே. பத்தாயிரம் ஹெக்டேர் பரப்பில் ஒரு திட்டம் நடத்த வேண்டுமாயின், ஏறத்தாழ ஒன்பதாயிரம் குடும்பங்களின் இசைவு வேண்டும். ஆகவே மக்களை இணைக்கும் பணி இங்கு மேலும் கடினமானது. அதற்கான பொது நிதியின் தேவையும் அதிகமானது.

ஆனால் இப்பணியில் இந்தியா அனுபவம் இல்லாத நாடு அன்று. சண்டிகர் நகரத்துக்காக 1958-ஆம் ஆண்டில் அமைக்கப்பட்ட சுக்னா ஏரி, சில ஆண்டுகளிலேயே வண்டலால் தூர்ந்துவரலாயிற்று. சிவாலிக் குன்றுகளின் அடிவாரத்தில் உள்ள சுகோமஜ்ரி என்னும் சிற்றூரின் மொட்டைச் சரிவுகள் அவ்வண்டலுக்கு ஒரு முக்கிய காரணம் என்பதை, மத்திய மண், நீர்ப் பாதுகாப்பு ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த பி. ஆர். மிஸ்ரா கண்டறிந்தார். சரிவில் கன்று நட்டால் ஆடுகள் தின்றன. ஆடுகளைத் தடுத்தால் மக்களுக்குப் பிழைப்பு இல்லை.

1976-ஆம் ஆண்டில் அங்கு ஒரு சிறு மண் அணை கட்டப்பட்டது. அதன் நீரைப் பெறவேண்டுமாயின் குன்றில் மேய்ச்சலை நிறுத்த வேண்டும் என்ற உடன்பாடு ஊராருடன் ஏற்பட்டது. நிலமற்ற குடும்பங்களுக்கும் நீரில் பங்கு அளிக்கப்பட்டது. இப்பங்கீடு இல்லாவிடின், நீரால் பயன் பெறாத ஏழைகளுக்கு மட்டும் மேய்ச்சல் தடை சுமையாகியிருக்கும், உடன்பாடும் உடைந்திருக்கும். முள்வேலி இன்றியே குன்று காக்கப்பட்டது. புல்லும் மரமும் மீண்டன; வயல் விளைச்சல் பெருகிற்று; ஏரிக்குச் செல்லும் வண்டலும் குறைந்தது. கார்பன் என்ற சொல்லே அன்று பேசப்படவில்லை. ஆயினும் பரந்த நிலப்பரப்புத் திட்டத்தின் அடிப்படை விதி அங்கே மெய்ப்பிக்கப்பட்டது: பொதுப்பணம் அணையைக் கட்டும், குன்றைக் காப்பது பங்கீடே.

பிற்காலத்தில் ஹிமாசலப் பிரதேசத்தில் உலக வங்கியின் கடனுதவியோடு நடந்த மத்திய இமாலய நீர்ப்பிடிப்பு மேம்பாட்டுத் திட்டம், இவ்வழியைக் கார்பன் கணக்கோடு இணைத்தது. சீரழிந்த காட்டு நிலம், ஊர்ப் பொது நிலம், தனியார் நிலம் ஆகியவற்றில் சுமார் 4,000 ஹெக்டேர் பரப்பு காடுவளர்ப்புக்கெனத் தேர்ந்தெடுக்கப்பட்டது. அங்கே சேமிக்கப்படும் கார்பனை விற்கும் பொருட்டு 2011-ஆம் ஆண்டில் உலக வங்கியின் உயிர்க்கார்பன் நிதியுடன் ஒப்பந்தம் செய்துகொள்ளப்பட்டது. நீர்ப்பிடிப்புத் திட்டத்தின் நிதியே முதற் செலவைத் தாங்கிற்று. கார்பன் வருவாய் பின்னர் கிராமப் பஞ்சாயத்துகளுக்கும் நிலமுடையோருக்கும் சேரவேண்டியதாக அமைந்தது. முதலில் மானியம் அல்லது கடன், பின்னர் விற்பனை என்னும் வரிசை இங்கும் காணப்படுகிறது.

காடுகளும் மரங்களும் பெருகுவதன் மூலம் 2030-ஆம் ஆண்டுக்குள் கூடுதலாக 250 முதல் 300 கோடி டன் கரியமில வாயுவைச் சேமிக்க இந்தியா 2015-ஆம் ஆண்டில் உறுதி கூறியது. கார்பன் சான்று வாணிபத் திட்டம் 2023-ஆம் ஆண்டில் அறிவிக்கப்பட்டது. வேளாண்மைத் துறையில் விருப்பமுறைக் கார்பன் சந்தைக்கான வரைமுறை 2024 ஜனவரியில் வெளியிடப்பட்டது. சந்தைக்கான சட்டங்கள் இவ்வாறு உருவாகின்றன. அச்சந்தைக்கு உழவர் வந்து சேரும் பாதைக்கு நிதி வேண்டும்.

மானியம் அளிக்குமுன்

மேற்கூறியவற்றிலிருந்து, மானிய விண்ணப்பம் ஒவ்வொன்றையும் பின்வரும் கேள்விகளால் சோதிக்கலாம்.

1. மானியம் கோரப்படும் செலவு, வருவாய்க்கு முன்னரே ஆகவேண்டிய செலவா? வருவாயிலிருந்து செய்யக்கூடிய செலவுக்கு மானியம் அளிப்பது பொருந்தாது.

2. தொடக்க நிலை அளக்கப்பட்டுள்ளதா? நல்ல மழை பெய்த ஆண்டுகளையும் வறண்ட ஆண்டுகளையும் அவ்வளவு உள்ளடக்கியுள்ளதா? ஆர்ன்ஹெம் நிலத்தில் பத்தாண்டுச் சராசரி கொள்ளப்பட்டது இதற்காகவே.

3. திட்ட எல்லைக்கு வெளியே மேய்ச்சலும் விறகு வெட்டும் பெருகுமா என்று ஆராயப்பட்டுள்ளதா?

4. நிலத்தில் உரிமை உடையோர் மட்டுமன்றி, அந்நிலத்தை நம்பி வாழும் நிலமற்றோரும் பங்கு பெறுகின்றனரா?

5. கார்பனைக் காக்கும் கடமை எத்தனை ஆண்டுகள் என்பது கையெழுத்திடுவோருக்கு அவர்கள் மொழியில் விளக்கப்பட்டுள்ளதா? இடையில் தீயோ வறட்சியோ நேரின் இழப்பை ஏற்பவர் யார்?

6. மானியம் நின்ற பின்னர் திட்டம் தன் காலில் நிற்குமா?

இவற்றுள் கடைசிக் கேள்வியே கடினமானது. நாற்றங்காலில் பாயும் நீர் நாற்றுக்குரியது. அறுவடை வரை அதே வயலில் அதே அளவு நீரைத் தேக்கி வைப்பார் இல்லை. மானியமும் அவ்வாறே. மக்கள் ஒன்றுசேரவும், நிலம் அளக்கப்படவும், முதற் பருவம் கடக்கவும் அது துணை நிற்கவேண்டும். அதன் பின்னர் தீ மூட்ட வேண்டிய நாளை அறிந்தவரும், மேய்ச்சலை நிறுத்த இசைந்தவரும், கன்றுக்கு நீர் ஊற்றுபவருமே திட்டத்தைத் தாங்குவோர். அவர்களுக்கு உரிய பங்கு முறையாகவும் காலத்திலும் போய்ச் சேருமாறு அமைக்கப்பட்ட திட்டங்களே, கணக்கேட்டில் மட்டுமன்றிக் காற்றிலும் கரியமில வாயுவைக் குறைக்கும்.